கழிவுக் கட்டு

சனிக்கிழமை நாலு மணி.
வண்ணார்பேட்டை, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ரவணசமுத்திரத்திலிருந்து செய்யது மீரான் போன்:
"மேடம், சுத்திக்கிட்டே கெடக்கு.
பொம்பளையாளுவ அறுவது பேரு சுளகோட நிக்காவ.
என்ன செய்ய?"
நோட்டில் எழுதுங்க என்றேன்.
அவர் நோட்டைத் தேடும் சத்தம் கேட்டது.

நாற்பத்து மூன்று பீடிக்கடைகள்.
கடைக்கொரு பழைய கம்ப்யூட்டர், சாவிகளுக்கிடையில் தூள்.
கட்டு எண்ணிக்கை போட்டு என்டர் தட்டினால்
ஒவ்வொரு தட்டுக்கும் என் நிரல்
டேட்டாபேஸுக்குப் புதுசாய் ஒரு கதவு திறக்கும்,
பெயர் சொல்லும், கடவுச்சொல் சொல்லும்,
உள்ளே போய் ஒரே ஒரு வரி எழுதும்,
திரும்பி வந்து கதவைச் சாத்தும்.
சாத்தும் என்றுதான் நினைத்திருந்தேன்.

லாக் சொன்னது: இணைப்புகள் அளவுக்கு மேல்.
நூறு கதவு. நூறும் திறந்து.
உள்ளே யாரும் இல்லை.

ஞாயிறு முழுக்க மாற்றி எழுதினேன்.
இருபது இணைப்பு, முன்கூட்டியே திறந்து வைத்தது.
எடு, எழுது, திருப்பிக் கொடு.
அதன் இங்கிலீஷ் பெயரைத் தமிழில் எழுதினால்
ஜெபசிங் ஒரு வாரம் சிரிப்பான்.
குளம் என்றே வைத்தேன்.

இனி எந்த கிளாஸும்
தானாகப் போய்க் கதவைத் தட்டாது.
பிறக்கும்போதே கன்ஸ்ட்ரக்டரில் கை நீட்டும்.
எந்த சர்வர், என்ன கடவுச்சொல்,
அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.
நீட்டிய கையில் கன்டெய்னர் வைக்கும்.

முதல் தடவை தப்பாகப் பதிந்தேன்,
கூலிக் கணக்கு கிளாஸை சிங்கிள்டன் என்று.
காலையில் கைக்கு வந்த இணைப்பை
சாயங்காலம் வரை அது விடவே இல்லை.
ஜெபசிங் டீயைக் கீழே வைக்காமலே
ஒற்றை விரலால் ஒரு வார்த்தையை மாற்றினான்.
குளம் ஆயுளுக்கும்.
இணைப்பு, ஒரு கோரிக்கைக்கு மட்டும்.

ஆனாலும் செவ்வாய் இரவுச் சோதனையில்
இருபது பத்தொன்பதாயிற்று.
பதினேழு.
பதினொன்று.
கொக்கிரகுளம் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
எடுத்துப் போனவர் யார், தராதவர் யார்?

ஒரே ஒரு பழைய பக்கம்
இன்னும் தன் கையாலேயே எடுத்துக்கொண்டிருந்தது.
இரண்டு வருஷம் முன்னால் நான் எழுதியது.
செக்கர் ஒரு கட்டைத் தள்ளினால் ஓடும் வரிகள்:
கழிவை எழுது,
ஏற்கப்படவில்லை என்று சிவப்பில் காட்டு,
உடனே வெளியேறு.
வெளியேறும் அவசரத்தில் சாத்த மறந்திருக்கிறேன்.
நல்ல கட்டுக்கெல்லாம் சாத்தியிருக்கிறேன்.

அப்படியென்றால் ஒவ்வொரு சனியும்
தள்ளிவிட்ட ஒவ்வொரு கட்டும்
ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது,
யாரும் கவனிக்காமல்,
நூறு சேரும்வரை.

நூறாவது யாருடையது என்று பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டியதில்லை; வேலைக்கு அது தேவையில்லை.
பேச்சித்தாய். அட்டை எண் 2217.
கழிவு: மூன்று கட்டு.
காரணம்: காலி.
அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்காமல் விட்டதும் நான்தான்.

பழைய பக்கத்தையும் கை நீட்ட வைத்தேன்.
இனி எந்த வழியாக வெளியேறினாலும்
இணைப்பு குளத்துக்குத் திரும்பும்.
அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
யாரிடமும் கேட்காமல் இன்னொரு வரியும் சேர்த்தேன்.

மறு சனி, நாலு மணி.
பதினாலு வெளியே, ஆறு குளத்தில்.
காத்திருப்பு பன்னிரண்டு மில்லிசெகண்ட்.
போன் அடிக்கவில்லை. நானே அடித்தேன்.

"ஓடுது மேடம், சல்லுனு ஓடுது.
ஆனா கழிவு போட்டா, காரணம்னு ஒரு கட்டம்,
நெரப்பாம விட மாட்டேங்கு.
செக்கரு ஏசுதாரு. என்ன போட?"

என்ன காரணமோ அதைப் போடச் சொல்லுங்க என்றேன்.

போன் கொஞ்சநேரம் சும்மா இருந்தது.
பிறகு அவருக்குப் பின்னாலிருந்து
சுளகைக் கீழே வைக்கும் சத்தம்,
ஒரு பெண் குரல்:
"என்னன்னு போடுதாராம்?"